முப்பது பெயர்களில் ஒன்று: சான்ஃபர்டு மலைப் பனியாற்றில் கிடைத்த கை

1999ஆம் ஆண்டு அலாஸ்காவின் சான்ஃபர்டு மலைச்சரிவில், பழைய விமானம் ஒன்றின் உடைந்த பாகங்கள் சிதறிக்கிடந்த பனியாற்றின் மேல், ஒரு மனிதரின் இடது முன்கையும் அதனோடு ஒட்டியிருந்த உள்ளங்கையும் விரல்களும் கிடைத்தன. காய்ந்து சுருங்கிப் பதப்பட்ட தோல் போலாகிவிட்ட அந்தக் கை யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல வழியே இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2007 செப்டம்பரில், அது 1948இல் 36 வயதில் இறந்துபோன ஃபிரான்சிஸ் ஜோசஃப் வான் ஸாண்ட் என்ற வணிகக் கப்பல் மாலுமியின் கை என்று உறுதியாயிற்று.

இந்த வழக்கை மரபணு அறிவியலின் வெற்றிகளுள் ஒன்றாகவே பெரும்பாலும் எடுத்துச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மரபணு தனித்து நின்றிருந்தால் ஒரு குடும்பத்தின் தாய்வழி வரை கொண்டுபோய் விட்டிருக்குமே தவிர, ஆளைத் தொட்டுக் காட்டியிருக்காது. ஆளைத் தொட்டுக் காட்டியது கைரேகை. அந்தக் கைரேகைக்கு ஒப்பிட ஒரு மறுபாதி இருந்ததற்குக் காரணம், கப்பலில் வேலைக்குப் போகிறவர்களின் விரல்களை மையில் உருட்டிப் பதிவு செய்து, அந்தத் தாள்களை அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தூக்கி எறியாமல் வைத்திருந்த ஓர் அரசு அலுவலக வழக்கம்.

விபத்து நடந்த இரவு

1948 மார்ச் 12 அன்று நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 4422ஆம் எண் வாடகை விமானம், நான்கு எஞ்சின்கள் கொண்ட டிசி-4 வகையைச் சேர்ந்தது, ஷாங்காயிலிருந்து நியூயார்க்கை நோக்கிப் போகும் வழியில் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு இரவு எட்டு மணிக்குப் பிறகு மீண்டும் கிளம்பியது. உள்ளே இருந்த பயணிகள் 24 பேரும் மாலுமிகள். சன்செட் என்ற எண்ணெய்க் கப்பலில் பணியாற்றிச் சீனா வரை போய்ச் சேர்ந்து, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். விமானப் பணியாளர்கள் 6 பேர். இரவு 9.03க்கு, அலாஸ்காவின் குல்கானா என்ற இடத்தைத் தாண்டுவதாகவும் 11,000 அடி உயரத்தில் பறப்பதாகவும் விமானி தகவல் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த விமானத்திலிருந்து எதுவும் வரவில்லை.

குல்கானாவுக்கு அப்பால் அந்த வான்வழி நேராகப் போவதில்லை. 4,949 மீட்டர் உயரமுள்ள சான்ஃபர்டு மலையைத் தவிர்ப்பதற்காகவே ஒரு முழங்கை வளைவு வளைந்து போகிறது. விமானம் அந்த வளைவில் போகாமல் வழியை விட்டு விலகி மலையை நோக்கிப் போய் மோதியது. மேகமோ, துருவ ஒளியோ, இரண்டும் சேர்ந்தோ மலையை மறைத்திருக்க வேண்டும் என்றும், குறித்த வழியை விட்டு விலகிப் பறந்த விமானி மலையைக் காணாததே விபத்துக்குக் காரணமாகலாம் என்றும் அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியம் முடிவு கூறியது. வானத்தில் பச்சையாக அலையும் அந்த ஒளி விபத்துக் காரணங்களின் வரிசையில் அதிகாரபூர்வமாக இடம்பெற்ற அரிய அறிக்கைகளுள் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சிதைவுகள் வானிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் அந்தச் சரிவில் ஆள் இறங்கி உடல்களை மீட்பது இயலாது என்று முடிவாயிற்று. விரைவிலேயே புதுப்பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது. 30 பேரின் குடும்பத்தாருக்கும் இறுதிச் சடங்கு செய்ய ஓர் உடலும் கிடைக்கவில்லை.

பனியாறு கொண்டுவந்து கொடுத்தது

மலைமேல் விழும் பனி ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காக இறுகிப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழே நகர்வதைத்தான் பனியாறு என்கிறோம். தமிழில் இதற்கு ஆறு என்ற சொல் அமைந்தது பொருத்தம். மேலே விழுந்த பொருளை உள்ளே இழுத்து, வெளியே தெரியாமல் சுமந்துபோய், பனி உருகும் கீழ்ப்பகுதியில் மேலே தள்ளிவிடுவது அதன் இயல்பு. போகிற வழியெல்லாம் அது பொருளை நெரிக்கிறது, இழுக்கிறது, பிரிக்கிறது. ஆகவே பனியாற்றில் கிடைப்பதெல்லாம் உறங்குவது போன்ற முழு உடல் என்று எண்ணிவிடக் கூடாது. வேகமாக மோதி நொறுங்கிய விமானத்தில் இருந்தவர்களின் உடல்கள் பெரும்பாலும் துண்டுகளாகவே வெளிவருகின்றன. கிடைக்கும் துண்டு எந்த ஆளுடையது என்பதற்கு அது கிடைத்த இடம் சான்றாகாது.

ஷாங்காயிலிருந்து வந்த விமானம் என்பதால் அதில் தங்கம் இருந்ததாக ஒரு வதந்தி நெடுங்காலம் உலவிற்று. அதைத் தேடிப் போனவர்கள் பலர். 1997இல் அந்த இடத்தை எட்டி விமானப் பாகங்களைக் கண்டவர்கள் கெவின் மெக்கிரெகர், மார்க் மில்லிகன் என்ற இரண்டு விமானிகள். அந்த மலை தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் எதையும் எடுக்க அனுமதி வேண்டும். உரிய அனுமதியுடன் 1999இல் அவர்கள் மறுபடி போனபோதுதான், அது 4422தான் என்று உறுதிசெய்யப்பட்டதோடு அந்தக் கையும் கிடைத்தது. தங்கம் எதுவும் கிடைக்கவில்லை.

அலாஸ்கா மாநிலக் காவல்துறையினர் கையை மீட்டு ஆங்கரேஜுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே நடந்த ஒரு காரியம் அடுத்த எட்டு ஆண்டுகளின் போக்கைத் தீர்மானித்தது: கை கெட்டுவிடக் கூடாது என்று அதற்கு எம்பாமிங் செய்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் உறைபனியில் கெடாமல் கிடந்த பொருள் அறை வெப்பத்துக்கு வந்தால் விரைவில் அழுகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் எம்பாமிங் திரவத்தில் உள்ள ஃபார்மால்டிஹைட் புரதங்களையும் டிஎன்ஏவையும் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துவிடும். டிஎன்ஏ இழைகளைத் துண்டாக்கவும் செய்யும். பிறகு அதைப் பெருக்கிப் படிக்க முயலும்போது, படியெடுக்கும் நொதி ஒவ்வொரு பிணைப்பிலும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கையைக் காப்பாற்றிய திரவமே அதில் எழுதியிருந்ததைப் படிக்க முடியாமல் ஆக்கிற்று. இப்போது இதைக் குறையாகச் சொல்வது எளிது. எதைக் காப்பது என்ற கேள்வி, கை மேசைக்கு வந்த அன்றே எழவேண்டிய கேள்வி என்பதை மட்டும் இந்த வழக்கு காட்டுகிறது.

முப்பது பேர் கொண்ட பட்டியல்

இந்த வழக்கில் ஆய்வாளர்களுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. கை எங்கோ வழிதவறிப்போன யாரோ ஒருவருடையது அல்ல. பெயர் தெரிந்த 30 பேரில் ஒருவருடையது. யார் என்ற கேள்வி, இந்த முப்பதில் எவர் என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது. மற்றபடி உதவ எதுவும் இல்லை. நம் நாட்டில் நடந்த இதே வகை வழக்குகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லேவுக்குக் கிளம்பி 102 பேருடன் காணாமற்போன விமானப்படையின் ஏஎன்-12 விமானத்தின் சிதைவுகள் 2003இல் இமாசலத்தில் ரோத்தாங் பகுதியில் தென்பட்டன. அங்கே 2024இல் மீட்கப்பட்ட நான்கு உடல்களில் சிலவற்றை, உடையோடு கிடைத்த ஆவணங்களைக் கொண்டே அடையாளம் காண முடிந்தது. 1984இல் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த குமாவுன் படைப்பிரிவு வீரர் ஒருவரின் உடல் 2022இல் கிடைத்தபோது, அவர் அணிந்திருந்த உலோக வில்லையில் பொறித்திருந்த படை எண்ணே போதுமானதாயிற்று. சான்ஃபர்டில் கிடைத்தது வெறுங்கை.

கைரேகை எடுக்கத் தொடக்கத்தில் செய்த முயற்சி பலிக்கவில்லை. டிஎன்ஏவும் எளிதில் பிடிகொடுக்கவில்லை. பின்னர் அமெரிக்க ஆயுதப்படைகளின் டிஎன்ஏ அடையாள ஆய்வகத்தைச் சேர்ந்த ஓடில் லொரெயில், மரபணு ஆய்வாளர் ரயன் பார், குடும்பங்களின் மரபுவழியைத் தேடும் ஆராய்ச்சியாளர் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு ராபின்சன், கைரேகை நிபுணர்களான மைக் கிரிம் என்ற பெயர்கொண்ட தந்தையும் மகனும் ஆகியோர் ஆளுக்கொரு பக்கமாக இந்த வழக்கை எடுத்துக்கொண்டார்கள்.

லொரெயில் கையாண்ட வழி எலும்பை முழுவதுமாகக் கரைத்துவிடுவது. வழக்கமான முறையில், எலும்பைப் பொடியாக்கி, அதிலுள்ள சுண்ணத்தை ஒரு கரைசலில் கழுவி, அந்தக் கழுநீரைக் கொட்டிவிட்டு, மிஞ்சிய பொடியிலிருந்து டிஎன்ஏவை எடுப்பார்கள். கொட்டுகிற நீரோடு டிஎன்ஏவும் போய்விடுகிறது என்பதை அவர் கவனித்தார். அரிசி களைந்த நீரில் சத்துப் போவது போலத்தான் இதுவும். எனவே பொடியில் ஒரு துளிகூட மிஞ்சாதபடி எல்லாவற்றையும் கரைசலிலேயே கரைத்து, எதையும் கொட்டாமல், அந்த முழுக் கரைசலிலிருந்தும் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் முறையை அவர் உருவாக்கினார். கடுமையாகப் பதனிடப்பட்ட இந்தக் கைக்கு ஏற்றவாறு முறையை மேலும் திருத்தி, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் வரிசையை ஒருவழியாகப் படித்துவிட்டார்கள்.

உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பே மைட்டோகாண்ட்ரியா; அதற்கென்று தனி டிஎன்ஏ உண்டு. அதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உயிரணுவின் உட்கருவில் உள்ள டிஎன்ஏ ஓர் உயிரணுவுக்கு இரண்டே படிகள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். சிதைந்த எலும்பிலும் எங்காவது ஓரிடத்தில் படிக்கத்தக்க துண்டு மிஞ்சியிருக்கும். ஆனால் இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. ஆகவே ஒப்பிட வேண்டியவர் தாய்வழி உறவாக இருக்க வேண்டும்.

இதை விளக்க ஆங்கிலத்தில் ஒரு படமே வரைய வேண்டியிருக்கும். தமிழில் உறவுமுறைப் பெயர்களே போதும். இறந்தவரின் உடன்பிறந்தவர்கள், தாய்மாமன், பெரியம்மா, சித்தி, பெரியம்மா சித்தியின் பிள்ளைகள், அக்காள் தங்கையின் பிள்ளைகள் ஆகியோரிடம் அதே வரிசை இருக்கும். அத்தையிடமும் பெரியப்பா சித்தப்பாவிடமும் இருக்காது; தாய்மாமனிடம் உண்டு, அவர் பிள்ளைகளிடம் கிடையாது. இறந்தவர் ஆணாக இருந்தால் அவருடைய சொந்த மகன் மகளிடமே இருக்காது. குடும்பப்பெயரோ தந்தை வழியாகப் போகிறது. தாய்வழியில் தலைமுறைக்குத் தலைமுறை, திருமணத்துக்குத் திருமணம், பெயர் மாறிக்கொண்டே போகிறது. இறந்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்ட ஒருவருக்கு, அதுவும் நாடெங்கும் பல ஊர்களிலிருந்து வந்து ஒரு கப்பலில் சேர்ந்த 24 பேருக்கும் விமானப் பணியாளர் 6 பேருக்கும், இப்படிப்பட்ட உறவினரை உயிரோடு தேடிக் கண்டுபிடிப்பது சோதனைச்சாலை வேலையை விடவும் நெடிய வேலை. கிடைத்த குடும்பங்களின் மாதிரியோடு ஒப்பிட்டு, பொருந்தாதவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டே வந்தார்கள்.

இந்த நீக்கும் முறை எங்கே சறுக்கும் என்பதற்கு அதே ஆய்வுலகத்தில் நடந்த ஒரு பாடம் இருக்கிறது. டைட்டானிக் மூழ்கிய பின் கடலிலிருந்து மீட்டு, ஹாலிஃபாக்ஸில் பெயர் தெரியாத குழந்தை என்று எழுதிப் புதைத்த குழந்தையின் எலும்பும் பல்லும் ஆராயப்பட்டன. 2002இல் அது பின்லாந்தைச் சேர்ந்த ஐனோ பானுலா என்று அறிவித்தார்கள். பின்னர் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் இன்னொரு பகுதியையும் படித்தபோது, அது இங்கிலாந்தைச் சேர்ந்த, 19 மாதமே ஆன சிட்னி குட்வின் என்று தெரியவந்தது. முதலில் பார்த்த பகுதி இரண்டு குடும்பங்களிலும் ஒன்றுபோலவே இருந்தது. ஒரு தாய்வழி வரிசை எத்தனையோ ஆயிரம் பேருக்குப் பொதுவாக இருக்கலாம். பொருந்தவில்லை என்றால் அந்த ஆள் இல்லை என்று துணிந்து சொல்லலாம். பொருந்துகிறது என்றால் அந்த ஆள்தான் என்று அதே துணிவோடு சொல்ல முடியாது.

விரல்

விரல் நுனியில் நாம் காணும் ரேகை மேல்தோலில் மட்டும் இருப்பதில்லை. அதற்கு அடியில் உள்ள உட்தோலிலும் அதே வடிவம் மேடு பள்ளமாக அமைந்திருக்கிறது. மேல்தோலின் ஒவ்வொரு வரிக்கும் அடியில் சிறு முளைகள் இரண்டு வரிசையாக நிற்கும். அதனால்தான் சமையலில் சூடுபட்டோ, சிமென்ட் வேலையில் தேய்ந்தோ அழிந்த ரேகை, தோல் ஆறியதும் பழைய வடிவிலேயே மீண்டும் வருகிறது. நீண்ட காலம் பனியில் கிடந்து உலர்ந்த விரலில் இந்த மேடு பள்ளங்கள் அடையாளமே தெரியாமல் தட்டையாகிவிடுகின்றன. சதை வற்றியதால் தோல் குறுக்கும் நெடுக்குமாகச் சுருங்கி, அந்தச் சுருக்கங்களே ரேகையைக் காட்டிலும் ஆழமாகத் தெரியும். மை தடவி உருட்டினால் தாளில் விழுவது சுருக்கம்தான்; ரேகை விழாது.

செய்ய வேண்டியது விரலுக்குள் ஈரத்தைத் திரும்பக் கொண்டுவருவது. ஈரம் குறைந்தால் சுருக்கம் விரியாது. மிகுந்தால் தோல் ஊறி, மென்மையாகி, இருக்கிற நுண்வரியும் கரைந்துவிடும். ஒரு முறை கெட்டால் திரும்ப வராத பொருள் அது. கிரிம் தந்தையும் மகனும் ராபின்சனும் புதிதாக வகுத்த முறையில் விரல்களுக்கு ஈரமூட்டி, கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாமல் இருந்த வரிகளை எழுப்பி, மையை நம்பாமல் நுட்பமாகப் படமெடுத்துத் தெளிவாக்கினார்கள்.

படம் கிடைத்தால் மட்டும் போதாது. ஒப்பிட இன்னொன்று வேண்டும். 1948இல் இறந்த ஒரு சாதாரண ஆளின் கைரேகை எங்கே இருக்கும்? காவல் நிலையத்துக்குப் போகாதவராக இருந்தால் பெரும்பாலும் எங்குமே இருக்காது. ஆனால் அமெரிக்க வணிகக் கப்பல்களில் பணியாற்றியவர்கள் அரசிடம் மாலுமி அடையாளச் சான்று பெற்றாக வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போது கைரேகையும் எடுத்துக்கொண்டார்கள். கடலில் யாராவது இறந்து கரை ஒதுங்கினால் ஆளைத் தெரிந்துகொள்ள அது உதவும் என்பதையும் அந்தக் காலத்து அலுவலர்கள் எண்ணியிருக்கக் கூடும். மலையுச்சிப் பனியில் அது உதவும் என்று நிச்சயம் எண்ணியிருக்க மாட்டார்கள். தேசியக் கடல்சார் மையத்தின் ஆவணங்களில் அந்தப் பதிவுகள் இருந்தன. 2007 செப்டம்பர் 6 அன்று, பனியில் கிடந்த விரலும் பழைய தாளில் பதிந்திருந்த மையும் ஒன்றுக்கொன்று பொருந்தின. தாளில் இருந்த பெயர் வான் ஸாண்ட், வர்ஜீனியா மாநிலம் ரோனோக்கைச் சேர்ந்தவர். இறந்தவரின் உடற்பகுதியைக் கைரேகையால் அடையாளம் கண்ட நிகழ்வுகளில் இதுவே காலத்தால் மிகப் பழையது என்று அக்குழுவினர் அறிவித்தார்கள்.

பெயர் கிடைத்த பிறகும் வழக்கை மூடாமல், டிஎன்ஏவையும் அதற்குச் சான்று சொல்ல அழைத்ததைத்தான் இந்த ஆய்வின் நேர்மையான பகுதி என்று கருதுகிறேன். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய மையும், ஊறவைத்து எழுப்பிய வரியும் பொருந்துவதாக நிபுணர் கண் சொல்வது ஒன்று. அந்தக் கண்ணைச் சாராத இன்னொரு வழியும் அதே பெயரில் வந்து முடிவது வேறொன்று. வான் ஸாண்டின் தாய்வழியைப் பின்தொடர்ந்த ஃபிட்ஸ்பாட்ரிக், அமெரிக்காவை விட்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டம் வரை போக வேண்டியிருந்தது. அங்கே தாய்வழி உறவினர் ஒருவர் உயிரோடு இருந்தார். அவர் கொடுத்த மாதிரியின் வரிசையும் கையிலிருந்து படித்த வரிசையும் ஒன்றாக இருந்தன. 2008 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டார்கள். 2010இல் தடயவியல் ஆய்விதழில் முழு ஆய்வும் வந்தது.

30 பேரில் பெயரோடு சேர்ந்தவர் வான் ஸாண்ட் ஒருவரே. சான்ஃபர்டு மலையில் பனியாறு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது, கோடையில் அதன் கீழ்ப்பகுதி உருகிக்கொண்டும் இருக்கிறது. இந்த ஒரு கைக்காகத் தேடிப் பிடித்த குடும்பங்களின் தாய்வழி வரிசைகளும் மாலுமிகளின் ரேகைத் தாள்களும் இப்போது கைவசம் இருக்கின்றன. அடுத்து ஓர் எலும்பு மேலே வந்தால், அதை எம்பாமிங் செய்யாமல் உறைநிலையிலேயே வைத்து, எட்டு ஆண்டுகள் காத்திராமல் அந்தப் பட்டியலில் வைத்துப் பார்க்கலாம்.